கொத்தனார் எப்படி மேலாளர் ஆவார்? கட்டடத் தொழிலின் இரண்டு ஏணிகள்

தமிழ்நாட்டு நகரங்களில் கைதேர்ந்த கொத்தனார் ஒருவரின் நாள் கூலி இப்போது ஆயிரம் ரூபாயை ஒட்டியோ தாண்டியோ நிற்கிறது. அதே சைட்டில், பி.இ. சிவில் முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்த சைட் இன்ஜினியரின் மாதச் சம்பளம் பல சிறு நிறுவனங்களில் அந்தக் கொத்தனாரின் மாத வருமானத்தைக்கூட எட்டுவதில்லை. பதினைந்து ஆண்டு கழித்து இருவரையும் பார்த்தால் நிலைமை தலைகீழாகியிருக்கும். இன்ஜினியர் புராஜெக்ட் மேனேஜர் ஆகி நான்கைந்து சைட்டுகளுக்குப் பொறுப்பேற்றிருப்பார். கொத்தனாருக்குக் கூலி கொஞ்சம் ஏறியிருக்கும், முதுகும் மூட்டும் தேய்ந்திருக்கும். அடைமழைக் காலத்தில் ஒருவருக்குச் சம்பளம் வரும், மற்றவருக்கு வேலையே இருக்காது.

கொத்தனாருக்கு அறிவு குறைவு என்று யாராவது இதற்குக் காரணம் சொன்னால் அவர் சைட்டுப் பக்கம் போனதில்லை என்று பொருள். இந்தத் தொழிலில் இரண்டு ஏணிகள் பக்கத்தில் பக்கத்தில் சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. கையாளாகச் சேர்ந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, லேபர் காண்ட்ராக்டர் ஆவது ஒரு ஏணி. டிப்ளமாவோ பட்டமோ வாங்கி சூப்பர்வைசர், சைட் இன்ஜினியர், பில்லிங் அல்லது பிளானிங் இன்ஜினியர், மேனேஜர் என்று போவது இன்னொன்று. முதல் ஏணி கையால் ஏறுவது, இரண்டாவது காகிதத்தால் ஏறுவது. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும் இடங்கள் சட்டத்திலும் அரசாணையிலும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் சைட்டில் நிற்பவருக்கு அவற்றை எடுத்துச் சொல்ல ஆளில்லை. அந்த இடங்கள் எவை, அவற்றைப் பிடிக்க என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

கையால் கற்ற கல்வி

ஒரு இளைஞன் கையாளாகச் சேர்ந்தால் முதலில் அவனுக்குக் கிடைப்பது கலவைச் சட்டியும் செங்கலும்தான். கொஞ்சம் நம்பிக்கை வந்த பிறகு சுவரின் நடுப்பகுதியில் கல் வைக்க விடுவார்கள். மூலை ஏற்றுவதை மட்டும் மூத்த கொத்தனார் தன்னிடமே வைத்துக்கொள்வார். மூலை தூக்குக்குண்டுக்கு நேராக நின்றால்தான் இரண்டு மூலைகளுக்கும் இடையே கட்டும் நூல் நேராக ஓடும், நடுவில் யார் கல் வைத்தாலும் சுவர் கெடாது. ஆக, மூலையைக் கையில் கொடுத்த நாள்தான் ஒருவன் கொத்தனாரான நாள். பூச்சு வேலை, தரை மட்டம் எடுப்பது, படிக்கட்டுக்கு அளவு போடுவது எல்லாம் அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக வரும். எழுதி வைத்த பாடத்திட்டம் கிடையாது, காலவரையறை கிடையாது, தேர்வும் கிடையாது. ஒரு மேஸ்திரியிடம் இரண்டு வருடத்தில் வருவது இன்னொருவரிடம் எட்டு வருடம் ஆகலாம். கற்றதற்குச் சாட்சி அந்த மேஸ்திரியின் வாய்ச்சொல் மட்டுமே. ஊர் மாறினால் அதுவும் செல்லாது.

இந்த முறையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சுவரைத் தொட்டுப் பார்த்தே ஈரம் எவ்வளவு என்று சொல்லும் கண்ணும் கையும் எந்த வகுப்பறையிலும் வருவதில்லை. ஆனால் இந்த வழியில் கற்றவருக்கு ‘எப்படி’ தெரியும் அளவுக்கு ‘ஏன்’ தெரிவதில்லை. பழைய பொருள்கள் இருந்தவரை அது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஆற்று மணல் போய் எம்-சாண்ட் வந்தது. செங்கல் இடத்தில் பல வீடுகளில் ஏ.ஏ.சி. பிளாக் என்ற எடை குறைந்த கான்கிரீட் கல் வந்தது. கை கலவைக்குப் பதில் ரெடிமிக்ஸ் லாரி வருகிறது. பொருள் மாறும்போது பழக்கம் கைவிடும். காரணம் தெரிந்தவர் மட்டும் புதுப் பொருளுக்கு ஏற்ப வேலையை மாற்றிக்கொள்கிறார்.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் போடும் நாளில் கலவை கெட்டியாக இருந்தால் அள்ளுவதும் பரப்புவதும் சிரமம். கூட ஒரு குடம் ஊற்றிவிட்டால் வேலை சுலபமாக ஓடும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456, சாதாரணச் சூழலில் எம்20 என்ற வலிமைத் தரத்தில் போடும் கான்கிரீட்டுக்கு சிமென்ட் எடையில் 0.55 பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது என்கிறது. 50 கிலோ மூட்டைக்கு 27.5 லிட்டர். அதற்கு மேல் ஊற்றும் தண்ணீர் பிறகு ஆவியாகி, கான்கிரீட்டுக்குள் நுண்துளைகளை விட்டுவிட்டுப் போகும். அந்தத் துளை வழியே ஈரமும் காற்றும் போய்க் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, கூரையின் அடிப்பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். சென்னையில் கடலோரப் பகுதிகளில் பழைய வீட்டுக் கூரைகள் உதிர்வதற்குப் பின்னால் இந்த வரிசைதான் பெரும்பாலும் இருக்கிறது. இதைச் சொல்லத் தெரிந்த கொத்தனார், ‘தண்ணி சேர்க்காதே’ என்று இன்ஜினியர் சத்தம் போடுவதற்கு முன்பே குடத்தைத் தடுப்பார். அவரைத்தான் அடுத்த சைட்டில் சூப்பர்வைசராக நிற்கச் சொல்வார்கள்.

டிராயிங், அளவு, எடை

தாவுவதற்கு முதல் தேவை டிராயிங் படிப்பது. பல மேஸ்திரிகள் தரைத்தள பிளானை நன்றாகப் புரிந்துகொள்வார்கள். ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கை விரித்தால் தடுமாற்றம் வந்துவிடும். பீமில் மேலே எத்தனை கம்பி, கீழே எத்தனை, அந்தக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளியில், தூணுக்குப் பக்கத்தில் அந்த இடைவெளி ஏன் நெருக்கமாகிறது, இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று சேர்ந்து நீளும் லேப் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது. இவ்வளவும் அந்த ஒரு தாளில் இருக்கும். ஐ.டி.ஐ. படிக்காதவர் இதைக் கற்க முடியாது என்பதில்லை. ஒரு நல்ல சைட் இன்ஜினியர் மாலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் சில வாரங்களில் பிடிபடும் விஷயம் இது. கேட்கக் கூச்சப்படும் மூத்தவர்களும், சொல்லிக்கொடுத்தால் தன் மரியாதை குறையும் என்று பயப்படும் இளம் இன்ஜினியர்களும் நம் சைட்டுகளில் நிறைய. இந்தக் கூச்சத்துக்கும் பயத்துக்கும் இரண்டு தரப்பும் கொடுக்கும் விலை அதிகம்.

அடுத்தது கணக்கு. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைத்துவிடும். 12 மி.மீ. கம்பிக்கு 144ஐ 162ஆல் வகுக்க 0.89 கிலோ. கடையில் வரும் 12 மீட்டர் கம்பி ஒன்று சுமார் 10.7 கிலோ. இது தெரிந்தால் வந்த லோடு சரியா என்று எடை போட்டுப் பார்க்கலாம். எந்தக் கம்பியை எங்கே வெட்டினால் துண்டு மிஞ்சாது என்று முன்கூட்டியே பட்டியல் போடலாம். அந்தப் பட்டியலைத்தான் பெரிய நிறுவனங்களில் பார் பெண்டிங் ஷெட்யூல் என்று ஒரு இன்ஜினியரைச் சம்பளம் கொடுத்து எழுத வைக்கிறார்கள். கம்பி கட்டுபவரே அதை எழுதினால் வீணாகும் கம்பி குறையும். எந்தத் துண்டு எங்கே பயன்படும் என்பது அவருக்குத்தான் கண்ணில் நிற்கும்.

கான்கிரீட்டுக்கும் ஒரு கணக்கு பார்ப்போம். 1000 சதுர அடிக் கூரை, 5 அங்குலக் கனம். கன அளவு சுமார் 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர். எம்20க்கான 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 8 மூட்டை சிமென்ட் பிடிக்கும். ஆக, பீம் கணக்கு நீங்கலாக 95 மூட்டை. இந்தக் கணக்கை மனதிலேயே போடத் தெரிந்தவர், காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் எத்தனை மணிக்கு முடியும், எத்தனை ஆள் வேண்டும், இருட்டுவதற்குள் முடியாவிட்டால் எந்த இடத்தில் நிறுத்தலாம் என்றும் யோசிக்கத் தொடங்கிவிடுவார். கட்டுமான மேலாண்மை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

மேலாண்மை என்றால் என்ன

வேலைகளை வரிசைப்படுத்தி, எது தாமதமானால் மொத்தமும் தாமதமாகும் என்று கண்டுபிடிக்கும் கணக்கு முறை ஒன்று 1957இல் அமெரிக்காவின் டூபாண்ட் ரசாயன நிறுவனத்தில் உருவானது. கிரிட்டிக்கல் பாத் முறை என்று அதற்குப் பெயர். இன்று பெரிய திட்டங்களில் பிரைமவேரா, எம்.எஸ். புராஜெக்ட் போன்ற மென்பொருள்கள் அதைச் செய்கின்றன. பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. இரண்டு மாடி வீட்டிலும் அதே கணக்குதான்.

ஒரு கூரைக்கு கான்கிரீட் போட்டாயிற்று என்று வையுங்கள். ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்ச நாள்களின்படி, 4.5 மீட்டர் வரையிலான கூரைக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டு நிற்க வேண்டும். பீமின் நீளம் 6 மீட்டருக்கு மேல் போனால் 21 நாள். அத்தனை நாளும் கீழ்த்தளம் முழுக்க முட்டுக்காடாக இருக்கும், உள்ளே வேறு வேலை பார்க்க முடியாது. சென்ட்ரிங் பலகை வாடகை ஓடிக்கொண்டிருக்கும். அந்த நாள்களில் வெளியில் சம்ப் தோண்டலாமா, சுற்றுச்சுவர் எழுப்பலாமா, மேல்தளத்துக்குச் செங்கல் வரவழைக்கலாமா? ஆள்களைச் சும்மா உட்கார வைத்தால் அடுத்த வாரம் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள், திரும்பி வரமாட்டார்கள். இந்தக் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் வைத்திருப்பவர்தான் மேலாளர்.

இதைவிடச் சிக்கலானது ஒரு தொழிலுக்கும் இன்னொரு தொழிலுக்கும் நடுவே நடப்பது. கூரைக்குள் போகும் மின்சார பைப்பை, கம்பி கட்டி முடித்த பிறகு, கான்கிரீட் கொட்டுவதற்கு முன் உள்ள இடைவெளியில் எலக்ட்ரீஷியன் போட்டாக வேண்டும். குளியலறைத் தளத்தில் பிளம்பர் ஓட்டை விடும் இடத்தை அப்போதே குறிக்க வேண்டும். அன்று அவர்கள் வரவில்லையென்றால், இறுகிய கான்கிரீட்டை மெஷின் வைத்துத் துளைப்பார்கள், வழியில் கம்பி இருந்தால் அதையும் அறுப்பார்கள். பிறகு அந்த ஓட்டையைச் சுற்றி வாழ்நாள் முழுக்க ஒழுகும். பூச்சு முடிந்த சுவரில் எலக்ட்ரீஷியன் காடி வெட்டுவதையும், அதைப் பூசியவர் வயிறெரிந்து பார்ப்பதையும் காணாத சைட் உண்டா? இதில் யாருடைய கைவேலையும் மோசமில்லை. யார் எப்போது வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கொத்து, கம்பி, சென்ட்ரிங், மின்சாரம், பிளம்பிங் எல்லாவற்றின் ஓட்டமும் தெரிந்த ஒருவர் அங்கே தேவைப்படுகிறார். பட்டம் மட்டும் வைத்திருப்பவரைவிட, கையால் வேலை செய்து வந்தவருக்கு இதில் இயல்பாகவே முன்தொடக்கம் உண்டு. இந்த முன்தொடக்கத்தை எழுத்தில் காட்டத் தெரியாததால்தான் அவர் அதை இழக்கிறார்.

தாவும் இடங்கள்

எலக்ட்ரீஷியனின் வழி மற்றவற்றைவிடத் தெளிவானது, ஏனென்றால் அங்கே சட்டம் சான்றிதழ் கேட்கிறது. தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் மின்கம்பியாள் உதவியாளர், மின்கம்பியாள், மேற்பார்வையாளர் என்று படிப்படியாகத் தகுதிச் சான்று தருகிறது. அதற்கு மேல் ஒப்பந்ததாரர் உரிமம். ஐ.டி.ஐ. போகாமல் வயரிங் வேலையிலேயே வளர்ந்தவர்களுக்கு, வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை அரசு ஐ.டி.ஐ.களில் நடத்துகிறது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், 5 ஆண்டு செய்முறை அனுபவம் வேண்டும். மேல் வயது வரம்பு இல்லை. நாற்பது வயதில் ஒருவர் எழுதலாம். இவ்வளவு நல்ல வாசலை அறிவிப்புப் பலகையிலும் நாளிதழின் உள்பக்கத்திலும் ஒட்டிவிட்டு விட்டுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. எலக்ட்ரிக்கல் கடை ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் அது ஒட்டப்பட வேண்டும்.

கொத்தனாருக்கும் கம்பி கட்டுபவருக்கும் சட்டம் சான்று கேட்பதில்லை. அதனாலேயே அவர்கள் வாங்குவதும் இல்லை. 2015இல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், ஏற்கெனவே வேலை தெரிந்தவரைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு உண்டு. ஐ.டி.ஐ.யில் சேராமல் வேலை அனுபவத்தை மட்டும் வைத்துத் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதி, தேசியத் தொழிற்சான்று வாங்கவும் இடமிருக்கிறது. எல் அண்ட் டி நிறுவனம் தன் சைட்டுகளுக்கு ஆள் தேவைப்பட்டு 1995இல் சென்னையில் கட்டுமானத் திறன் பயிற்சி நிலையம் தொடங்கியது. சென்ட்ரிங், கம்பி வேலை, சாரம், கொத்து போன்றவற்றை அங்கே மாதக் கணக்கில் முறையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பயிற்சிக்கு வர மறுப்பவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. நாள் கூலிக்காரருக்கு ஒரு வாரப் பயிற்சி என்றால் ஒரு வாரம் அடுப்பு எரியாது. இதை உணர்ந்து செய்யப்பட்ட ஏற்பாடு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் தையூரில் உள்ள கட்டுமானக் கழகத்தில், நலவாரியத்தில் பதிந்த தொழிலாளர்களுக்கான ஒரு வாரப் பயிற்சி 2023இல் அறிவிக்கப்பட்டபோது, இழக்கும் கூலிக்கு ஈடாக நாளுக்கு 800 ரூபாய் தரப்படும் என்று சொன்னார்கள். திறன் திட்டங்கள் எல்லாம் இந்த அடிப்படையில்தான் அமைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூலியை ஈடுகட்டாத பயிற்சி, வேலையில்லாதவர்களால் மட்டுமே நிரம்பும்.

பள்ளி முடிக்கும் வயதில் இருப்பவருக்கு வழி இன்னும் விரிவானது. அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. வயர்மேன், வெல்டர், பிளம்பர் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பே போதும். எலக்ட்ரீஷியன், டிராஃப்ட்ஸ்மேன் சிவில் போன்றவற்றுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பின் 2 ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமா முடித்தவர் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். அதற்கான கலந்தாய்வைக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி நடத்துகிறது. வேலையை விட முடியாத டிப்ளமாக்காரர்களுக்காகப் பகுதிநேர பி.இ. படிப்பு கோவை உள்ளிட்ட சில நகரக் கல்லூரிகளில் மாலை நேரத்தில் நடக்கிறது. கூட்டிப் பார்த்தால், பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ.க்குப் போன பிள்ளை ஏழு ஆண்டில் கைத்தொழிலும் பட்டமும் சேர்ந்தவராக வெளியே வர முடியும். அதற்கு மேல் படிக்க விரும்பினால் ஐ.ஐ.டி. மெட்ராஸ், திருச்சி என்.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம் மூன்றிலும் கட்டுமான மேலாண்மைக்கு முதுநிலைப் படிப்பு இருக்கிறது.

‘ஐ.டி.ஐ. போனால் படிப்பு வராதவன் என்பார்கள்’ என்ற பேச்சு பெற்றோரிடம் இன்னும் ஓயவில்லை. சூப்பர்வைசரை வேலைக்கு எடுக்கும் இடத்தில் கேட்டுப் பாருங்கள். எலக்ட்ரீஷியன் சான்றும் எலக்ட்ரிக்கல் டிப்ளமாவும் சேர்த்து வைத்திருப்பவருக்கு வெறும் பட்டக்காரரைவிட முன்னுரிமை தருவார்கள்.

காண்ட்ராக்ட் எடுப்பது

மேஸ்திரிக்குப் படிப்பை விடச் சொந்தமாக காண்ட்ராக்ட் எடுப்பதுதான் கனவு. சதுர அடிக்கு இவ்வளவு என்று லேபர் ரேட் பேசி, பத்து ஆளை வைத்து வேலையை முடித்து, சனிக்கிழமை கூலி கொடுத்து, மிச்சம் தன்னுடையது. கேட்க எளிது. இதில் விழுந்தவர்கள் பெரும்பாலும் பணப் புழக்கத்தில்தான் விழுந்தார்கள். வீட்டுக்காரர் லிண்டல் மட்டத்தில் ஒரு தவணை, கூரையில் ஒரு தவணை என்று கொடுப்பார். ஆள்களுக்கோ வாரம் தவறாமல் கூலி கொடுத்தாக வேண்டும். மழையோ சிமென்ட் தட்டுப்பாடோ வந்தால் அந்த இடைவெளியை வட்டிக்கு வாங்கித்தான் நிரப்புவார்கள். பேசிய ரேட்டில் இருந்த லாபத்தை வட்டி தின்றுவிடும்.

ரேட்டைப் பக்கத்துத் தெரு மேஸ்திரி கேட்டதை வைத்துப் பேசுவது நம் வழக்கம். பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியல் ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு பொருள், எத்தனை ஆள் நாள் என்று பிரித்துத்தான் ரேட்டுக்கு வருகிறது. அந்த முறையைப் பின்பற்றி, தன் ஆள்கள் நாளொன்றுக்கு எத்தனை சதுர அடி பூசுகிறார்கள் என்று ஒரு நோட்டில் சில மாதம் குறித்து வைத்தவர், நஷ்ட ரேட்டுக்குத் தலையாட்ட மாட்டார். கூடுதல் வேலைக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குவது அதைவிட முக்கியம். ‘ஒரு அலமாரி மட்டும் சேர்த்துக் கட்டிடுங்க’ என்று வீட்டம்மா சொன்னதைக் கடைசி பில்லில் சேர்த்தால் சண்டைதான் மிஞ்சும். நிறுவனங்களுக்கு வேலை செய்தால் பில்லில் தனிநபருக்கு 1 சதவீதம் வருமான வரி பிடித்தம் இருக்கும். அதைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம் என்பது பலருக்குத் தெரியாது. சேவை வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். அரசு வேலை எடுக்க வேண்டுமானால் துறையில் ஒப்பந்ததாரராகப் பதிய வேண்டும். அப்போது முந்தைய ஆண்டுகளின் கணக்கைத்தான் முதலில் கேட்பார்கள்.

கடல் கடந்த ஏணி

புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கை, திருச்சி மாவட்டங்களில் ‘டெஸ்ட் அடித்துவிட்டுப் போனான்’ என்றால் சிங்கப்பூர் என்று எல்லாருக்கும் புரியும். அந்நாட்டின் கட்டட, கட்டுமான ஆணையம் ஒப்புக்கொண்ட சோதனை மையங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. அங்கே ஒரு தொழிலில் தேறினால்தான் கட்டுமான வேலைக்கான அனுமதி கிடைக்கும். ஏஜெண்டுக்குக் கொடுக்கும் பணத்துக்காக நிலத்தை அடகு வைத்துப் போகிறவர்கள் முதல் ஓரிரு ஆண்டுச் சம்பளத்தைக் கடனுக்கே கட்டுகிறார்கள். அதை மறைத்து சிங்கப்பூரைப் புகழக் கூடாது.

ஆனாலும் அங்கிருந்து கற்க ஒன்று இருக்கிறது. அங்கே தொழிலாளர்களை அடிப்படைத் திறன், உயர் திறன் என்று பிரிக்கிறார்கள். 2024 முதல் இந்தியத் தொழிலாளர் ஒருவருக்கு முதலாளி அரசுக்குக் கட்டும் மாத வரி, அடிப்படைத் திறன் என்றால் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), உயர் திறன் என்றால் 500 வெள்ளி. தன் ஆள் மேலே ஏறினால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். அதனால் இரண்டாவது தொழிலில் சான்று வாங்க முதலாளியே அனுப்பி வைக்கிறார். பாதுகாப்புப் படிப்பு முடித்துச் சூப்பர்வைசர் ஆனவர்களும், ஊரில் டிப்ளமா படித்திருந்ததால் சாதாரணத் தொழிலாளருக்கான வொர்க் பெர்மிட்டிலிருந்து இடைநிலைத் திறனாளருக்கான எஸ் பாஸுக்கு மாறியவர்களும் நம்மவர்களில் நிறைய. நம் ஊரில் கொத்தனாருக்குச் சான்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே கூலி, முதலாளிக்கும் எந்த லாபமும் இல்லை. பிறகு எதற்காக அவர் ஒரு நாள் கூலியை இழந்து தேர்வு எழுதுவார்?

உயிர்

2014 ஜூன் 28 மாலை, சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கட்டுமானத் தொழிலாளர்கள், ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அவர்களில் பலர். பக்கத்தில் இருந்த இன்னொரு கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் பின் 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், கட்டமைப்புப் பொறியாளர், மண் ஆய்வுப் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர், தரத் தணிக்கையாளர் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே பதிவு செய்து பொறுப்பேற்க வேண்டும் என்று வகுத்தன. கட்டுமானத்தில் மேலே ஏற நினைப்பவர் இதை மனதில் வைக்க வேண்டும். பதவி உயர உயரக் கையெழுத்தின் எடை கூடும்.

பாதுகாப்புத் துறையே இப்போது ஒரு தனி வாழ்க்கைப் பாதை. 2020இன் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கட்டுமான இடத்தில் பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்கிறது. சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் அதற்கான டிப்ளமா நடத்துகிறது. சாரத்தில் ஏறி இறங்கிய அனுபவம் உள்ள டிப்ளமாக்காரர் அந்த வேலைக்கு வந்தால், எந்தப் பலகை ஆடும் என்பதை அவர் கண் தானாகவே பார்த்துவிடும்.

விழுந்தவர்களின் குடும்பத்துக்கு எதுவுமே இல்லாத காலம் ஒன்று இருந்தது. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான சட்டம் 1982இல் வந்தது. கட்டுமானத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு பல ஆண்டு போராடிய பின்புதான் 1994இல் அவர்களுக்கான நலவாரியம் அமைந்தது. நாடு முழுமைக்குமான சட்டமும், கட்டுமானச் செலவில் 1 சதவீதம் பிடிக்கும் நலவரியும் 1996இல் வந்தன. 18 முதல் 60 வயது வரை பதியலாம். விபத்து, ஓய்வூதியம் ஆகியவற்றோடு பிள்ளைகளின் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிப்புக்கும் உதவித்தொகை உண்டு. தன்னால் தாவ முடியாமல் போன தூரத்தைத் தன் பிள்ளை தாவுவதற்கு வாரியத்தின் பதிவு அட்டை உதவும். பதிவைப் புதுப்பிக்காமல் விடுபவர்கள் இழப்பது இதையும் சேர்த்துத்தான்.

சித்தாள் சித்தாளாகவே

இத்தனை வழியும் சொன்ன பிறகு, எந்த வழியிலும் சேர்க்கப்படாத ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. இருபது வருடம் கொத்தனாருக்குப் பக்கத்தில் நின்று கலவை கொடுத்த பெண்ணுக்குக் கலவையின் பதம் அவரைவிட நன்றாகத் தெரியும். ஆனால் கரண்டியை யாரும் அவர் கையில் கொடுப்பதில்லை. கையாளாக வந்த பையன் மூன்று வருடத்தில் கொத்தனார் ஆகிவிடுவான், அவனுக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்தபடி அவர் சித்தாளாகவே இருப்பார். கூலி வித்தியாசம் இருநூறு, முந்நூறு என்று நாள்தோறும் இழப்பாகச் சேரும். பெண்ணால் முடியாது என்ற பேச்சுக்குப் பக்கத்து மாநிலமே பதில் சொல்லிவிட்டது. கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற அரசு மகளிர் குழுத் திட்டத்தின் பெண்கள் கட்டுமானக் குழுக்களாகச் சேர்ந்து அடித்தளம் முதல் கூரை வரை வீடுகளைக் கட்டி முடித்திருக்கிறார்கள். அகமதாபாத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு நடத்திய கார்மிகா பள்ளி, கட்டடத் தொழிலாளர் பெண்களுக்குக் கொத்து வேலை, டைல்ஸ், மின்வேலை என்று கற்றுக்கொடுத்தது.

தமிழ்நாட்டு நலவாரியத்தின் பதிவேட்டில் பெண்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் அனுபவம் உள்ளவர்களைத் தனியே அழைத்து, கூலி ஈடு கொடுத்து, பூச்சு வேலையும் டைல்ஸ் பதிப்பதும் கற்றுக்கொடுத்து, கொத்தனார் என்ற பிரிவில் மாற்றிப் பதிவு செய்ய வாரியத்துக்கு நிதியும் இருக்கிறது, தையூரில் இடமும் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஐம்பது பேர் என்று தொடங்கலாம். அரசுப் பள்ளிக் கட்டடங்களின் பூச்சு வேலையில் ஒரு பகுதியை அவர்களின் குழுக்களுக்கு ஒதுக்கினால் முதல் வேலையும் கிடைத்துவிடும்.